மேற்குச் சென்னைப் புறநகரில் பாதுகாக்கப்பட்ட வேலைவாய்ப்பு

பாதுகாக்கப்பட்ட வேலைவாய்ப்பு என்பது, திறந்த வேலைச் சந்தையில் போட்டியிட்டு வேலை பெற இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக அமைக்கப்பட்ட இடத்தில், அவர்களின் வேகத்துக்கும் திறனுக்கும் ஏற்ப, மேற்பார்வையுடன் வழங்கப்படும் வேலையாகும். இவ்வேலை நடைபெறும் இடம் பாதுகாக்கப்பட்ட பணிமனை எனப்படுகிறது. நடைமுறையில் ‘ஷெல்டர்டு ஒர்க்‌ஷாப்’ என்ற சொல்லே பெற்றோரிடமும் சிறப்பாசிரியர்களிடமும் பெரிதும் வழங்குகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் முதலிய வளர்ச்சிசார் குறைபாடு உடையோரே இன்று இப்பணிமனைகளில் பெரும்பான்மையினர்.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி தொழிற்சாலைகளால் வளர்ந்த பகுதியாகும். மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சிக்கும் இப்பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. இவ்வகைப் பணிமனைகள் தொடர வேண்டுமா, படிப்படியாக மூடப்பட வேண்டுமா என்ற உலகளாவிய விவாதம் இப்போது இப்பகுதிக் குடும்பங்களையும் தொட்டு நிற்கிறது.

முன்வரலாறு

அறிவுசார் குறைபாட்டையும் மனநோயையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் இந்தியச் சட்டத்திலேயே நெடுங்காலம் இருந்தது. 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம், அறிவு வளர்ச்சி குன்றியவரையும் மனநிலை பிறழ்ந்தவரையும் ஒரே வரையறைக்குள் அடக்கியது. மனநோய் நோயாகும், மருத்துவத்தால் தணியக்கூடியது. அறிவுசார் குறைபாடு வளர்ச்சிப் பருவத்திலேயே தோன்றி வாழ்நாள் முழுதும் தொடரும் நிலையாகும். அதற்கு வேண்டியது மருந்தைவிடப் பயிற்சியும் துணையுமே. இந்த வேறுபாட்டைச் சட்டம் ஏற்க 75 ஆண்டுகள் ஆயின. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்தான் மனநோயாளி என்ற வரையறையிலிருந்து மனவளர்ச்சிக் குறைபாட்டை வெளிப்படையாக விலக்கியது.

சட்டம் மாறுவதற்கு முன்பே பள்ளிகள் தோன்றின. 1944இல் பம்பாயில் ஜெய் வக்கீல் தம் மகளின் பொருட்டுத் தொடங்கிய பள்ளி இந்தியாவின் முன்னோடிச் சிறப்புப் பள்ளிகளுள் ஒன்றாகும். சென்னையில் 1950களில் கீழ்ப்பாக்கத்தில் தோன்றிய பால விஹார், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான தொடக்ககால நிறுவனங்களில் முக்கியமானது. பின்னர், ஜெயச்சந்திரன், விமலா ஆகிய இருவரும் ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்ற மதிப்பீட்டு முறையை உருவாக்கினர். ஒருவரின் அன்றாடச் செயல்திறனை 18 துறைகளில் 360 கூறுகளாகப் பிரித்து, எதைச் செய்ய முடிகிறது, அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்று காட்டும் முறை இது. சென்னையின் பெயரைத் தாங்கிய இம்முறை நாடெங்கும் சிறப்புப் பள்ளிகளில் பயன்பட்டது. செகந்திராபாத்தில் 1984இல் தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் அமைந்தபின், தொழிற்பயிற்சி தனிப் பாடமாகவே வளர்ந்தது.

இப்பள்ளிகள் வெற்றிபெற்றதாலேயே ஒரு புதிய கேள்வி எழுந்தது. சிறப்புப் பள்ளியில் சேர்ந்த குழந்தைகள் வளர்ந்து 18 வயதை எட்டினர். பள்ளியில் அவர்களுக்கு இடமில்லை. வெளியில் வேலையும் இல்லை. பத்து ஆண்டுகளில் கற்ற பழக்கங்கள் வீட்டில் சும்மா இருந்த ஓரிரு ஆண்டுகளில் மறந்துபோவதைப் பெற்றோர் கண்டனர். பாதுகாக்கப்பட்ட பணிமனை என்ற ஏற்பாடு இந்தத் தேவையிலிருந்தே வலுப்பெற்றது.

தொழிற்பேட்டைகளின் நிலம்

விடுதலைக்குப் பின் மேற்குப் புறநகர் தொழில்மயமானது. முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடிய ஆவடியில் 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் எழுந்தன. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் அமைந்து வெற்றிபெற்றதைத் தொடர்ந்து, 1960களில் ஏறத்தாழ 1,300 ஏக்கரில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் வாகன உதிரிபாக ஆலைகள் வளர்ந்தன. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சிறு பாகங்களைச் செய்துதரும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் இவற்றைச் சுற்றி அமைந்தன.

சிறு பட்டறைகளின் உயிர்நாடி ‘ஜாப் ஒர்க்’ எனப்படும் கூலிப்பணி. மூலப்பொருளைக் கொடுப்பவர் ஒருவர். வேலையை மட்டும் செய்துகொடுப்பவர் மற்றொருவர். ரப்பர் வளையங்களில் பிசிறு நீக்குவது, திருகாணிகளை எண்ணிப் பையில் போடுவது, வாஷர்களை அளவுவாரியாகப் பிரிப்பது, அட்டைப்பெட்டி மடிப்பது போன்ற வேலைகளுக்கு இயந்திரத்தைவிடக் கைகளே அன்று மலிவாக இருந்தன. பலருக்கு அலுப்புத் தட்டும் இத்தகைய ஒரே சீரான வேலையை, அறிவுசார் குறைபாடுள்ள பலர் சோர்வின்றியும் பிழையின்றியும் செய்தனர். தொழிற்பேட்டைக்கு அருகில் பணிமனை இருப்பதன் பயன் இதுவே: வேலை நடந்துவரும் தொலைவில் கிடைக்கும், முடிந்த சரக்கை அன்றே திருப்பி அனுப்பலாம். அம்பத்தூரில் வளர்ந்தோருக்கான தொழிற்பயிற்சியில் அறியப்பட்ட பெயர்களுள் நவஜோதி அறக்கட்டளை ஒன்றாகும்.

பூந்தமல்லியின் வரலாறு வேறு வகையானது. அங்குள்ள அரசு பார்வையற்றோர் பள்ளி 1931இல் தொடங்கியது. பின்னர், தேராதூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வையற்றோர் நிறுவனத்தின் மண்டல மையமும் 1988இல் அங்கு அமைந்தது. பார்வையற்றோர் கைத்தொழில் கற்று ஊதியம் பெறலாம் என்ற எண்ணம் இப்பகுதி மக்களுக்கு இவற்றால் முன்பே பழகியிருந்தது. அம்பத்தூரை அடுத்த முகப்பேரில் பேனியன் அமைப்பு 1993 முதல் மனநோயால் வீடிழந்த பெண்களுக்கு மறுவாழ்வு அளித்துவருகிறது. பார்வைக் குறைபாடு, மனநோய், அறிவுசார் குறைபாடு ஆகிய மூன்றுக்கும் தேவைகள் வெவ்வேறானவை. எனினும் மூன்று துறையினரும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே: பயிற்சி முடிந்தபின் வேலை எங்கே?

பணிமனை இயங்கும் முறை

நல்ல பணிமனையின் அடிப்படை, வேலையைக் கூறுபோடுதல் ஆகும். பத்துத் திருகாணிகளை ஒரு பையில் இட்டு ஒட்டுவது ஒரு வேலை போலத் தோன்றும். பயிற்றுநர் அதை எடுத்தல், எண்ணுதல், பையில் இடுதல், வாயை மடித்தல், ஒட்டுதல், அடுக்குதல் என்று படிகளாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு படியும் தனித்தனியே கற்பிக்கப்படுகிறது. ஒரு படியில் தேறியவர் அடுத்த படிக்குச் செல்கிறார். எல்லாப் படிகளையும் கற்க இயலாதவர் தமக்கு வந்த ஒரு படியை மட்டும் வரிசையில் அமர்ந்து செய்கிறார்.

எண்ணத் தெரியாதவரும் எண்ணிக்கைப் பிழையின்றி வேலை செய்ய எளிய துணைக்கருவிகள் உள்ளன. பத்துக் குழிகள் கொண்ட மரப்பலகை அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு குழியிலும் ஒரு திருகாணி வைத்து, பலகை நிறைந்ததும் பையில் கொட்டினால் பத்து சரியாக இருக்கும். காகித உறை மடிப்பதற்கு அட்டை அச்சு, துணி வெட்டுவதற்கு நிறக்கோடிட்ட மாதிரி, நேரத்தை உணர்த்தப் படங்கள் ஒட்டிய கால அட்டவணை ஆகியவையும் பயன்படுகின்றன. அமெரிக்கக் கல்வியாளர் மார்க் கோல்ட் 1970களின் தொடக்கத்தில், பாதுகாக்கப்பட்ட பணிமனைகளில் இருந்த அறிவுசார் குறைபாடு உடையோருக்குப் பல பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பொருத்தக் கற்பித்துக் காட்டினார். கற்க முடியாமை கற்பவரின் குறையாக இருக்க வேண்டியதில்லை, கற்பிக்கும் முறையின் குறையாகவும் இருக்கலாம் என்ற பாடம் இதிலிருந்து பரவியது.

கூலிப்பணியோடு, சொந்த உற்பத்தியும் பணிமனைகளில் நடைபெறுவதுண்டு. மெழுகுவத்தி, பினாயில், காகித உறை, துணிப்பை, மிதியடி, பாக்குமட்டைத் தட்டு, வாழ்த்து அட்டை ஆகியவை வழக்கமான பொருட்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் 14 வகை தடைசெய்யப்பட்டதும், 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியதும் காகித உறைக்கும் துணிப்பைக்கும் தேவையை மிகுவித்தன.

உற்பத்தி மட்டும் பணிமனையின் பணி அன்று. குறித்த நேரத்தில் வருவது, வருகைப் பதிவேட்டில் ஒப்பமிடுவது அல்லது பெயரட்டையை மாட்டுவது, மதிய உணவைப் பிறரோடு அமர்ந்து உண்பது, கோபத்தை அடக்குவது, மாத முடிவில் பணம் வாங்கி வீட்டில் கொடுப்பது ஆகிய அனைத்தும் அங்கே கற்கப்படுகின்றன. வீட்டில் குழந்தையாகவே நடத்தப்படும் 35 வயதினர், பணிமனையில் வேலைக்காரராக நடத்தப்படுகின்றனர். பெற்றோர் இவ்வேற்பாட்டை மதிப்பதற்கு முதற்காரணம் இதுவே. கிடைக்கும் தொகை அன்று.

போக்குவரத்தும் இதில் ஒரு பாதியாகும். சென்னை–அரக்கோணம் புறநகர் ரயில் பாதையில் உள்ள கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி நிலையங்கள் தொழிற்பேட்டைப் பகுதியைக் குடியிருப்புகளோடு இணைக்கின்றன. பூந்தமல்லிக்குப் புறநகர் ரயில் பாதை இல்லை. அங்கிருந்து வருவோர் பேருந்தையே நம்ப வேண்டும். துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவருக்கு ஒருவர் நாள்தோறும் உடன்வர வேண்டியுள்ளது. பெரும்பாலும் தாயே அந்தத் துணை. மகனையோ மகளையோ பணிமனையில் விட்டுவிட்டு, மாலைவரை வாசலிலேயே காத்திருக்கும் தாய்மாரும் உண்டு.

சட்டங்களும் அரசுத் திட்டங்களும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனவளர்ச்சிக் குறைபாட்டை ஒரு ஊனமாக ஏற்றது. ஆயினும் அரசு வேலைக்கான 3 விழுக்காட்டு இடஒதுக்கீட்டைப் பார்வை, செவித்திறன், உடலியக்கக் குறைபாடு உடையோருக்கு மட்டுமே வழங்கியது. அறிவுசார் குறைபாடு உடையோர் அங்கீகாரம் பெற்றும் ஒதுக்கீடு பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கெனத் தனியே வந்தது. 18 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க மாவட்டம்தோறும் உள்ளூர்க் குழு அமைக்க அச்சட்டம் வழிசெய்தது. அதன்கீழ் வந்த விகாஸ் திட்டம் பகல்நேரப் பராமரிப்பையும், கரோண்டா திட்டம் வாழ்நாள் தங்குமிடத்தையும் நோக்கமாகக் கொண்டவை.

இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்கு ஏற்பளித்தது. அதற்கேற்ப இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் முதன்முறையாக ஒதுக்கீட்டுக்குள் வந்தன. வளர்ச்சிசார், அறிவுசார், பல்வகைக் குறைபாடு உடையோருக்கும் ஆட்டிசம் உடையோருக்கும், சந்தையோடு தொடர்புள்ள தனித் திறன்பயிற்சித் திட்டங்கள் வேண்டும் என்று அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது.

தமிழ்நாட்டில் 2010இல் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனித்துறை உருவானது. ஊனமுற்றோர் என்ற சொல்லுக்கு மாற்றாக, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது அறிமுகப்படுத்திய ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லே துறையின் பெயராயிற்று. அறிவுசார் குறைபாடுடையோருக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. 14 வயதைக் கடந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சியுடன் கூடிய இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் வழியாக அரசு நடத்துகிறது. உலக வங்கி 2022இல் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்த ‘உரிமைகள்’ திட்டம், மறுவாழ்வுச் சேவைகளை வீட்டருகே கொண்டுசெல்ல முனைகிறது.

மேற்குப் புறநகரில் நிர்வாக எல்லை ஒரு நடைமுறைச் சிக்கலாகும். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடனும் 2018இல் சென்னை மாவட்டத்துடனும் இணைந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன. ஒரே பணிமனைக்கு வரும் இருவரில், அம்பத்தூர்க்காரருக்குச் சென்னையிலும் ஆவடிக்காரருக்குத் திருவள்ளூரிலும் மாவட்ட அலுவலகம் அமைகிறது.

எதிர்ப்பும் அதன் நியாயமும்

பாதுகாக்கப்பட்ட வேலைவாய்ப்பு ஒரு காலத்தில் முற்போக்கான ஏற்பாடாகக் கருதப்பட்டது. பிரிட்டனில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1945இல் ரெம்ப்ளாய் நிறுவனம் அரசால் தொடங்கப்பட்டு, நாடெங்கும் ஆலைகள் நடத்தியது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1955ஆம் ஆண்டின் 99ஆம் பரிந்துரை, இவ்வகை வேலைவாய்ப்பை அரசுகள் வளர்க்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில்தரச் சட்டம், 14(சி) பிரிவின் மூலம் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுக்க இசைவளித்தது.

1970களுக்குப் பின் கருத்து மாறியது. எதிர்ப்பாளர்கள் மூன்று குற்றச்சாட்டுகளை முன்வைத்தனர். முதலாவது, தனி இடத்தில் வேலை செய்வோர் சமூகத்திலிருந்து ஒதுக்கப்படுகின்றனர். இரண்டாவது, ‘பயிற்சி’ என்ற பெயரில் பல்லாண்டு மிகக் குறைந்த தொகைக்கு உழைப்புப் பெறப்படுகிறது. மூன்றாவது, வெளிவேலைக்கான படிக்கட்டு என்று சொல்லப்பட்ட பணிமனையிலிருந்து வெளியேறி வேலை பெற்றவர் மிகச் சிலரே. இவற்றுக்கு மாற்றாக, ஒருவரை முதலிலேயே பொது நிறுவனத்தில் வேலைக்கு அமர்த்தி, அங்கேயே பயிற்றுநர் உடனிருந்து கற்பிக்கும் ‘ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு’ முன்வைக்கப்பட்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2000களின் தொடக்கத்தில் தன் பணிமனைகளை முற்றிலும் கைவிட்டது. ரெம்ப்ளாய் ஆலைகள் 2012, 2013 ஆண்டுகளில் மூடப்பட்டன. உடன்படிக்கையின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2022இல் வெளியிட்ட 8ஆம் பொதுக் கருத்துரை, பிரித்துவைக்கப்பட்ட வேலைவாய்ப்பைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று அரசுகளைக் கேட்டுக்கொண்டது.

விவாதம் ஒருதலையாக முடிந்துவிடவில்லை. 14(சி) அனுமதியைப் படிப்படியாக நிறுத்த 2024 டிசம்பரில் முன்மொழிந்த அமெரிக்கத் தொழிலாளர் துறை, 2025 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றது. பணிமனை மூடப்பட்டால் தம் பிள்ளைகளுக்கு வேலைக்குப் பதில் வீடே கிடைக்கும் என்று வாதிட்ட பெற்றோர் அமைப்புகளும் அங்கு உண்டு. ஜெர்மனியில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இன்றும் இத்தகைய பணிமனைகளில் உள்ளனர். ஜப்பான் இருவகை ஏற்பாட்டை வைத்திருக்கிறது: ஒப்பந்தமும் குறைந்தபட்சக் கூலியும் உள்ள ‘ஏ’ வகை, ஒப்பந்தமின்றி, இயன்ற அளவு வேலை செய்யும் ‘பி’ வகை.

தமிழ்நாட்டுச் சூழலில் இவ்விவாதம்

மேலைநாடுகளில் பணிமனைகளை மூடியபோது, அவற்றுக்குச் செலவான அரசுப் பணம் வேறு சேவைகளுக்குத் திரும்ப வழி இருந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலான பணிமனைகள் பெற்றோராலும் அறக்கட்டளைகளாலும் நன்கொடையாலும் நடப்பவை. மூடினால் திரும்பிவரப் பணமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். அவர்களில் மனவளர்ச்சிக் குறைபாடு உடையோர் 1,00,847 பேர். இவர்களில் மிகப் பலருக்குப் பணிமனையே கிடைத்ததில்லை. ஆகவே இங்குள்ள உண்மையான மாற்று, பணிமனையா பொது நிறுவனமா என்பதைவிட, பணிமனையா வீட்டின் மூலையா என்பதாகவே பல குடும்பங்களுக்கு இருக்கிறது.

அதே நேரத்தில் எதிர்ப்பாளரின் குற்றச்சாட்டுகள் இங்கும் பொருந்துகின்றன. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பணியாளரின் கூலியை விதிகளிலிருந்து விலக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. பணிமனைக்கு வருபவர் பெரும்பாலும் ‘பயிற்சியாளர்’ என்றே குறிக்கப்படுகிறார், பெறுவது ஊக்கத்தொகை. இருபது ஆண்டு வேலை செய்தவருக்கும் வருங்கால வைப்புநிதியோ ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியோ இல்லாத நிலை இதனால் உண்டாகிறது. தனியார் நிறுவனம் மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்தால், முதலாளியின் வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ. பங்குகளை மூன்றாண்டுகள் மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2008 ஏப்ரலில் வந்தது. அத்திட்டம் ஊதியப் பட்டியலில் பெயர் உள்ளவருக்கே உதவும், பயிற்சியாளருக்கு உதவாது.

நெருக்கடிகள்

மேற்குப் புறநகரில் பணிமனைகளின் அடித்தளம் பல வகையிலும் மெலிந்துவருகிறது. தொழிற்பேட்டையின் பழைய ஆலைகள் பலவற்றின் இடத்தில் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் கிடங்குகளும் வந்துள்ளன. பெரிய வாகன ஆலைகள் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கம் அமைந்தன. எண்ணுதல், பொதியிடல் போன்ற வேலைகளை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. உதிரிபாகத் தொழிலில் தரக் கட்டுப்பாடு இறுகியதால், வெளியாருக்குக் கைவேலை கொடுக்கச் சிறு பட்டறைகள் தயங்குகின்றன. நில விலையும் வாடகையும் உயர்ந்தன.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் மூழ்கி, சிறு தொழில்கள் பெரும் இழப்பைச் சந்தித்தன. அவற்றின் கூலிப்பணியை நம்பியவர்களுக்கும் அந்த அடி போய்ச் சேர்ந்தது. 2020 மார்ச்சில் தொடங்கிய கோவிட் ஊரடங்கில் பகல்நேர மையங்கள் மூடப்பட்டன. நாள்தோறும் ஒரே ஒழுங்கில் வாழப் பழகிய ஆட்டிசம் உடையோருக்கு அந்த ஒழுங்கு காரணம் புரியாமலே ஒரே நாளில் அறுந்தது.

நிதி ஏற்பாட்டிலும் மாற்றம் நேர்ந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு மத்திய அரசு உதவும் தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டத்தின் பழைய பட்டியலில், தொழிற்பயிற்சி மையமும் பாதுகாக்கப்பட்ட பணிமனையும் தனித்தனி மாதிரித் திட்டங்களாக இருந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் மாதிரித் திட்டங்கள் ஒன்பதாகக் குறைக்கப்பட்டன. அவ்விரண்டும் அவற்றில் இல்லை. தொழிற்பயிற்சி தனியான திறன்வளர்ப்புத் திட்டத்துக்கு மாற்றப்பட்டது. திறன்வளர்ப்புத் திட்டம் குறுகிய காலப் பயிற்சிக்குப் பின் வேலையில் அமர்த்துவதை அளவுகோலாகக் கொண்டது. மூன்று மாதப் பயிற்சியில் வெளிவேலைக்குத் தயாராகும் இளைஞருக்கு அது பொருந்தும். வாழ்நாள் முழுதும் துணையோடு வேலை செய்ய வேண்டியவருக்கு அதில் இடமில்லை.

எதைக் காப்பது, எதை மாற்றுவது

இவ்விவாதத்தில் பணிமனையை அப்படியே காப்பதும் அப்படியே மூடுவதும் மட்டுமே வழிகள் அல்ல. இடைப்பட்ட ஏற்பாடுகள் பல நாடுகளில் நடைமுறையில் உள்ளன. அவற்றுள் சில மேற்குப் புறநகரின் தன்மைக்கு நன்கு பொருந்துவன.

ஒன்று, குழுவாக வெளிவேலை. ஐந்தாறு பேர் ஒரு பயிற்றுநருடன் தொழிற்சாலைக்கே சென்று, அங்கு ஒரு வேலைப் பகுதியை ஏற்றுச் செய்வது. பொதியிடல், உணவகப் பாத்திரத் தூய்மை, தோட்டப் பராமரிப்பு, கிடங்கில் பொருள் அடுக்குதல் முதலியவை இதற்கு உகந்தவை. பழைய ஆலை இருந்த இடத்தில் இன்று கிடங்கு இருக்குமானால், அங்கும் எண்ணி அடுக்கும் வேலை இருக்கவே செய்கிறது.

இரண்டு, செய்த வேலைக்கு அளவு கண்டு கூலி தருவது. வழக்கமான தொழிலாளி ஒரு மணி நேரத்தில் 100 உறை மடிக்குமிடத்தில் ஒருவர் 40 உறை மடித்தால், கூலியும் அந்த விகிதத்தில் அமைந்து எழுத்தில் பதிவாக வேண்டும் என்பது இம்முறை. எஞ்சிய பகுதியை அரசு உதவித்தொகை நிரப்பினால் வாழ்வூதியம் கிட்டும் என்று இதன் ஆதரவாளர் கூறுகின்றனர். ஊக்கத்தொகை நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது, கூலி உரிமையாகும்.

மூன்று, உறுதியான கொள்முதல். அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், மாநகராட்சிகள் தமக்கு வேண்டிய கோப்பு உறை, துணிப்பை, தூய்மைப் பொருட்களில் ஒரு பங்கைப் பணிமனைகளிடம் வாங்குமானால், கூலிப்பணி குறைந்த காலத்திலும் வேலை நிற்காது. தேசிய அறக்கட்டளை 2008இல் தொடங்கிய அருணிம் அமைப்பு, இத்தகைய பொருட்களுக்குச் சந்தை தேடும் முயற்சியாக அமைந்தது.

நான்கு, விருப்பத்தைக் கேட்பது. பணிமனையில் இருப்பவரிடம் அங்கே தொடர விருப்பமா, வெளியே முயன்று பார்க்க விருப்பமா என்று படங்கள் வழியாகவோ நேரில் காட்டியோ கேட்கலாம். முடிவைப் பெற்றோரும் நிறுவனமும் மட்டுமே எடுப்பது உடன்படிக்கையின் நோக்கத்துக்கு ஒவ்வாது. வெளியே சென்று வேலை பொருந்தாமல் திரும்புவோருக்கு மீண்டும் இடம் உண்டு என்ற உறுதி இருந்தால்தான் முயன்று பார்க்கத் துணிவு வரும். இந்தப் பொருளில், பணிமனை நீடிப்பது வெளிவேலைக்கு எதிரானதன்று, அதற்குத் துணையாகிறது.

பெற்றோருக்குப் பின்

சிறப்புப் பள்ளிகளின் முதல் தலைமுறை மாணவர்கள் இன்று நடுவயதைக் கடந்துவிட்டனர். அவர்களின் பெற்றோர் முதுமையில் உள்ளனர். மருத்துவ முன்னேற்றத்தால் டவுன் நோய்க்குறி உடையோரின் ஆயுளும் முன்பைவிடப் பெரிதும் நீண்டுள்ளது. பிள்ளையின் கையைப் பிடித்துப் பட்டரவாக்கத்தில் ரயிலிறங்கும் தாய்க்கு 70 வயது ஆகும்போது, ‘எங்களுக்குப் பின் யார்?’ என்ற கேள்வி வேலையைப் பற்றியதாக மட்டும் நிற்பதில்லை. காப்பாளர் நியமனம், தங்குமிடம், மருத்துவம் ஆகியவையும் அதனுடன் சேர்கின்றன.

பணிமனை இவை அனைத்துக்கும் விடையாகாது. ஆயினும் பெற்றோர் மறைந்தபின்பும் ஒருவரின் பெயரும் பழக்கமும் விருப்பமும் வீட்டுக்கு வெளியே சிலருக்கேனும் தெரிந்திருக்கும் இடம் அதுவாகவே பலருக்கு அமைகிறது. குறைந்த கூலியையும் தனிமைப்படுத்தலையும் நீக்குவது சீர்திருத்தத்தின் வேலை. அவற்றை நீக்கும்போது அந்த இடமும் சேர்ந்து மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற பகுதிகளில் இனி இயற்றப்படும் எந்தத் திட்டத்துக்கும் முன்னுள்ள கேள்வியாகும்.